ஷோல்ஹேவன் நதியை மேலிருந்து பார்த்தவர்

செவ்வாய், சிட்னி

ஓவியர் மார்கரெட் பிரெஸ்டன் பெயரைச் சொன்னால் ஆஸ்திரேலியர்கள் பூக்களைத்தான் நினைப்பார்கள். வாரட்டா, பாங்க்சியா, தைல மரப் பூ என்று அவர் 1920களில் செதுக்கிய மரவெட்டு அச்சுகள் நாட்காட்டியிலும் தேநீர்க் குவளையிலும் வாழ்த்து அட்டையிலும் இன்றுவரை விற்கின்றன. நான் வந்தது அதற்காக இல்லை. 65 வயதைத் தாண்டிய பிறகு அவர் தீட்டிய நிலக்காட்சிகளுக்காக. அந்தப் பிரகாசமான சிவப்பையும் நீலத்தையும் தூக்கி வைத்துவிட்டு, காவி, பழுப்பு, கறுப்பு, வெள்ளை என்று நாலைந்து மண் நிறங்களோடு உட்கார்ந்துகொண்டார். பூர்வகுடி மக்களின் பாறைச் செதுக்கல்களையும் மரப்பட்டை ஓவியங்களையும் பார்த்துப் பார்த்து வந்த மாற்றம் அது. அந்தப் படங்களையும், அவை பிறந்த இடங்களையும் சேர்த்துப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன். சிட்னியில் அக்கா இருக்கிறார், காரும் இருக்கிறது. அப்புறம் என்ன?

முதலில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம். பழைய கட்டடத்தில் அவருடைய சுய உருவப்படம். 1930இல் கலைக்கூடத்தின் அறங்காவலர்களே கேட்டு வாங்கியது. ஒரு பெண் ஓவியரிடம் அவர்கள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கறுப்பு உடை, கையில் வண்ணத்தட்டு, பின்னால் செங்கல் சுவர். யாரிடமும் சிரித்துப் பேசி நல்ல பெயர் வாங்க வேண்டிய அவசியம் இல்லாத முகம்.

அங்கிருந்து 'கிரே டே இன் தி ரேஞ்சஸ்', 1942. மலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. தூரத்தில் இருப்பது மங்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதி இங்கே செல்லாது. முன்னால் இருக்கும் மலையும் பின்னால் இருக்கும் மலையும் ஒரே கனம். ஒவ்வொன்றையும் தடித்த கறுப்புக் கோடு சுற்றி வளைக்கிறது. கிட்டப்போய்ப் பார்த்தால் அந்தக் கோடு அவசரமாக இழுத்ததுபோல் அங்கங்கே அகலமும் குறுகலுமாக இருக்கிறது. பக்கத்திலேயே 'ஐ லிவ்ட் அட் பெரோரா', 1941. அவர் குடியிருந்த பெரோரா என்ற ஊரை விட்டு வந்த இரண்டு வருடம் கழித்துத் தீட்டியது.

பிரெஸ்டனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1875இல் போர்ட் அடிலெய்டில் பிறந்தவர். மெல்பர்னிலும் அடிலெய்டிலும் படித்து, மியூனிக்கும் பாரிசும் போய், ஜப்பானிய அச்சுகளில் மயங்கி, முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் மனம் சிதைந்த சிப்பாய்களுக்குக் கைத்தொழில் கற்பித்து, 1919 கடைசியில் வில்லியம் பிரெஸ்டன் என்ற வியாபாரியைக் கல்யாணம் செய்து சிட்னி மோஸ்மனில் குடியேறினார். கணவருக்கு வசதி இருந்ததால் விற்பதற்காக வரைய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பேசவும் எழுதவும் நேரம் இருந்தது. நிறையவே எழுதினார்.

எழுதியதில்தான் வம்பு. 1924, 25 வாக்கிலேயே பத்திரிகைகளில் ஒரு வாதத்தை வைத்தார்: ஐரோப்பாவைப் பார்த்துக் காப்பியடித்தது போதும், ஆஸ்திரேலியாவுக்கென்று ஒரு கலை வேண்டுமானால் இந்த மண்ணின் பூர்வகுடிக் கலையிலிருந்துதான் அது தொடங்க வேண்டும். பூர்வகுடிப் பொருட்களைக் கலை என்று யாரும் மதிக்காமல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அலமாரிகளில் அடுக்கியிருந்த காலம் அது. அந்த அளவில் துணிச்சலான பேச்சுதான். ஆனால் கூடவே, இந்தக் கோலங்களுக்குப் பின்னால் இருக்கும் கதைகளைப் பற்றி ஓவியர் கவலைப்பட வேண்டாம், அது மானுடவியலாளர்களின் வேலை என்றும் சொன்னார். கேடயத்தில் இருந்த கோலத்தை எடுத்து மெத்தை உறையில் போடுவது எப்படி என்று இல்லத்தரசிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். யாருடைய கேடயம், அந்தக் கோலத்தை வரைய யாருக்கு உரிமை என்ற கேள்வி அந்தக் கட்டுரைகளில் எழவே இல்லை.

புதன், மறுபடி கலைக்கூடம்

காகிதத்தில் செய்த படைப்புகள் வெளிச்சம் பட்டால் மங்கும் என்பதால் எப்போதும் சுவரில் இருக்காது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஆய்வு அறையில் எடுத்து வந்து காட்டுகிறார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். நான் கேட்டிருந்தது 'தி எக்ஸ்பல்ஷன்', 1952. பிரெஸ்டனுக்கு அப்போது 77 வயது.

கறுப்பு அட்டையில் ஸ்டென்சில், அதாவது வடிவம் வெட்டிய தாள் வைத்து, குவாஷ் என்னும் கெட்டி நீர்வண்ணத்தை அப்பியிருக்கிறார். ஒரு அடி தூரத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: கோடுகளை அவர் வரையவே இல்லை. ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவே விட்ட இடைவெளியில் அடியிலிருக்கும் கறுப்பு அட்டை தெரிகிறது, அதுதான் கோடு. நிறம் சில இடத்தில் மேடுதட்டி, உலர்ந்த சுண்ணாம்பு மாதிரி சொரசொரப்பாக நிற்கிறது. ஓரங்களில் ஸ்டென்சிலைத் தூக்கியபோது வண்ணம் லேசாக இழுபட்ட தடம்கூட இருக்கிறது.

படத்தில் ஏதேன் தோட்டத்திலிருந்து ஆதாமும் ஏவாளும் துரத்தப்படுகிறார்கள். இரண்டு பேரும் பூர்வகுடிகள். சொந்த நிலத்திலிருந்து வெளியே தள்ளப்பட்ட ஒரு சமூகத்தை ஆதாம் ஏவாளாக வைத்துவிட்டால், துரத்தியவர் யார் என்ற கேள்வி தானாக வந்து நிற்கிறது. 1952இல் அந்தக் கேள்வியைச் சிட்னியில் அதிகம் பேர் ஓவியத்தில் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடிக் குழந்தைகளை அரசாங்கமே பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒருகாலத்தில் கதை தேவையில்லை என்று சொன்னவர், கடைசியில் ஒரு கதையைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் அது பைபிள் கதை.

வெளியே வரும் வழியில் வட ஆஸ்திரேலியாவின் தீவி தீவுக்காரர்கள் செய்த புக்குமானி கம்பங்களைப் பார்த்தேன். சவச் சடங்குக்கு நடும் 17 கம்பங்கள். மெல்வில் தீவில் 1958இல் செய்யச் சொல்லி, 1959இல் இந்தக் கலைக்கூடத்தில் வைத்தார்கள். இங்கே துணை இயக்குநராக இருந்த டோனி டக்சன் என்ற ஓவியரும், ஸ்டூவர்ட் ஸ்கூகால் என்ற மருத்துவரும்தான் இதற்குக் காரணம். செய்தவர்களிடமே போய், கேட்டு, காசு கொடுத்து வாங்கியது. பிரெஸ்டன் அப்போது உயிரோடுதான் இருந்தார். 1963இல்தான் இறந்தார்.

வெள்ளி, பெரோராவும் வெஸ்ட் ஹெட்டும்

நேற்று மழை, எங்கும் போகவில்லை. இன்று வெயில் அடித்ததும் அக்கா தயிர்சாதத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெரோரா சிட்னியின் வடக்கு ஓரம். ரயிலில் வந்தால் சென்ட்ரலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். பிரெஸ்டன் தம்பதி 1932இல் மோஸ்மனை விட்டுவிட்டு இந்தக் காட்டுக்குள் வந்து, 1939 வரை இருந்தார்கள். இப்போது பிரதான சாலையை ஒட்டி வீடுகளும் கடைகளும்தான். ஆனால் எந்தத் தெருவிலும் ரெண்டு நிமிஷம் நடந்தால் தெரு முடிந்து பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. மணற்பாறை, அதன் இடுக்கிலிருந்து முறுக்கிக்கொண்டு கிளம்பும் தைல மரம், கீழே எங்கேயோ தண்ணீர். செப்டம்பர் ஆதலால் வாரட்டா பூத்திருந்தது, உள்ளங்கை அளவுக்கு ரத்தச் சிவப்பில். பெரோரா வாட்டர்ஸுக்கு இறங்கும் சாலை வளைந்து வளைந்து போய், காரோடு நம்மை அக்கரை சேர்க்கும் இலவசப் படகில் முடிகிறது. அக்காவுக்குப் படகு பிடித்துப்போய், போய்விட்டுத் திரும்பி வந்தோம். வேலை ஒன்றும் இல்லை, சும்மா.

இந்த ஊரில்தான் பிரெஸ்டனின் கண் மாறியது என்று நினைக்கிறேன். மோஸ்மனில் அவர் பூக்களைப் பறித்து ஜாடியில் வைத்து வரைந்தார். இங்கே பூவைப் பறித்து உள்ளே கொண்டுவரத் தேவையில்லை, வெளியே காடு முழுக்க நிற்கிறது. இன்னொரு காரணம், சுற்றிலும் இருக்கும் பாறைகள். சிட்னியைச் சுற்றிய மணற்பாறைப் பிரதேசத்தில் பூர்வகுடிச் செதுக்கல்கள் ஏராளம்.

மதியம் தாண்டி, கு-ரிங்-கை சேஸ் தேசியப் பூங்காவுக்குள் வெஸ்ட் ஹெட் சாலையைப் பிடித்து, பாறைச் செதுக்கல்கள் இருக்கும் பேசின் நடைத்தடத்துக்குப் போனோம். இந்தப் பூங்கா 1894இலேயே அறிவிக்கப்பட்டது. கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மரப்பலகை நடைபாதை வருகிறது. பாறைமேல் கால் வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள்.

நட்ட நடுப்பகலில் வந்தால் வெறும் பாறைதான் தெரியும். சூரியன் சாயும்போது வரவேண்டும். நாங்கள் போனபோது வெளிச்சம் பக்கவாட்டில் விழத் தொடங்கியிருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு வாலபி, கங்காரு இனத்தின் சின்ன விலங்கு, தெரிந்தது. அதைத் தொடர்ந்து மீன்கள், மனித உருவங்கள். வரைகோடு மட்டும்தான், உள்ளே எதையும் நிரப்பவில்லை. எப்படிச் செய்தார்கள் என்பது பள்ளத்துக்குள்ளேயே தெரிகிறது: கூர்மையான கடினக் கல்லால் வரிசையாகப் புள்ளி புள்ளியாகக் கொத்தி, பிறகு புள்ளிகளைத் தேய்த்து இணைத்திருக்கிறார்கள். சில இடங்களில் இணைப்பு தேய்ந்துபோய்ப் புள்ளிகளே மீண்டும் தலைகாட்டுகின்றன. விரலின் அகலம் இருக்கும் அந்தக் கோடு. மீனின் முதுகு வளைவைக் கொத்தியவர் ஒரு இடத்திலும் தயங்கியதாகத் தெரியவில்லை.

"இது எதுக்கு வரைஞ்சாங்கன்னு போர்டுல போடலையே?" என்றார் அக்கா.

"எல்லாருக்கும் சொல்ற கதையா இருக்காதுக்கா."

"அப்ப சரிதான், நம்ம கோயில்லயும் கருவறைக்குள்ள விடமாட்டாங்களே."

அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிரெஸ்டனுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம். அவர் பூர்வகுடி இடங்களைத் தேடித் தேடிப் போனவர்தான். மானுடவியல் சங்கக் கூட்டங்களுக்குப் போனார், ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பைக் கரைத்துக் குடித்தார். 1941இல் டேவிட் ஜோன்ஸ் கடையின் கலைக்கூடத்தில் பூர்வகுடிக் கலையையும் அதை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதையும் காட்டிய கண்காட்சியிலும் அவர் படைப்புகள் இருந்தன. பாறையைப் பார்த்தார், கேடயத்தைப் பார்த்தார். அவற்றைச் செய்த மக்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தது மட்டும் எழுத்தில் வரவில்லை.

சனி காலை, லா பெரூஸ்

பக்கத்தில் என்று சும்மா சொல்லவில்லை. சிட்னி நகருக்குள்ளேயே, பாட்டனி விரிகுடாவின் வடக்கு முனையில் இருக்கும் லா பெரூஸில் பூர்வகுடிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பிரெஸ்டன் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிராம் ஏறி மக்கள் இங்கே வேடிக்கை பார்க்க வருவார்கள். பெண்கள் சிப்பிகளை ஒட்டிச் செய்த சின்னப் பெட்டிகள், குழந்தைச் செருப்பு வடிவங்கள், ஆண்கள் சூட்டுக்கோலால் படம் சுட்ட பூமராங்குகள் என்று விற்பார்கள். பிற்காலத்தில் சிட்னி ஹார்பர் பாலம் வடிவத்திலும் சிப்பிவேலை செய்தார்கள். அது 'கலப்படம்', சுற்றுலாப் பொருள், உண்மையான பூர்வகுடிக் கலை அல்ல என்பது அந்தக்கால நிபுணர்களின் கருத்து. இன்று அதே சிப்பிவேலையை அருங்காட்சியகங்கள் வாங்கி வைக்கின்றன.

கடற்காற்று ஆளைத் தள்ளியது. கரைக்கு எதிரே பழைய கோட்டை நிற்கும் தீவைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தெற்கே காரைத் திருப்பினோம்.

சனி மாலை, ஷோல்ஹேவன்

நௌரா வரை சுமார் 160 கிலோமீட்டர். ஹேங்கிங் ராக் என்ற பாறை முனையில் நின்றால் கீழே ஷோல்ஹேவன் நதி. அகலமான, மெதுவான, பழுப்புப் பச்சைத் தண்ணீர். கரையில் மரங்கள், அப்பால் மேய்ச்சல் நிலம், அதற்கப்பால் மலைத்தொடர். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரெஸ்டனின் படம் இல்லை. அவர் இந்த நதியை விமானத்திலிருந்து பார்த்தார். தரையில் நிற்பவருக்குப் பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று. மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே தூரம், அடிவானமே கிடையாது. நிலத்தை அப்படி மேலிருந்து விரித்துக் காட்டுவது ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கலையில் விமானம் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம். விமானச் சன்னலில் கண்டதை எந்த மொழியில் வரைவது என்று அவருக்கு ஒரு பதில் ஏற்கெனவே கையில் இருந்தது.

இதே நதிக்கரையில் பண்டனான் இருக்கிறது. ஆர்தர் பாய்ட் என்ற இன்னொரு பெரிய ஓவியர் கடைசிக் காலத்தில் இந்த நதியை விடாமல் வரைந்தார், 1993இல் வீட்டையும் நிலத்தையும் தேசத்துக்குக் கொடுத்துவிட்டார். நேரம் போதவில்லை, விட்டுவிட்டோம்.

ஞாயிறு, நெரிகா வழியாக கான்பெரா

நெடுஞ்சாலையை விட்டுவிட்டு நெரிகா, பிரெய்ட்வுட் வழியாகப் போகும் மலைப்பாதையைப் பிடித்தோம். 2019 நவம்பரில் தொடங்கிய கரோவன் காட்டுத்தீ இந்தப் பக்கம் 74 நாள் எரிந்தது. அதன் தடம் இன்னும் போகவில்லை. தைல மரங்கள் செத்துவிடவில்லை, கரிந்த அடிமரத்தின் மேலேயே தளிர்விட்டுப் பிழைத்திருக்கின்றன. கறுத்த தண்டுகள், நடுவே வெளிறிய மண், சாம்பல் பச்சைத் தளிர். வண்டியை ஓரம்கட்டச் சொல்லி இறங்கி நின்று பார்த்தேன். பிரெஸ்டனின் தடித்த கறுப்புக் கோடு பாறைச் செதுக்கலிலிருந்தும் மரப்பட்டை ஓவியத்திலிருந்தும் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் பெரோராவில் காட்டுக்கு ஏழு வருடம் பக்கத்துவீட்டுக்காரராக வாழ்ந்தவர் கண்ணுக்கு அந்தக் கோடு வெளியேயும் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

கான்பெராவில் தேசியக் கலைக்கூடத்துக்குள் நுழைந்து கொஞ்சம் போனதும் 'அபாரிஜினல் மெமோரியல்'. உள்ளீடற்ற 200 மரக் குழல்கள், ஒவ்வொன்றும் இறந்தவரின் எலும்புகளை வைக்கும் சவப்பெட்டி வடிவம். வட ஆஸ்திரேலியாவில் ஆர்னெம் லாண்டின் ராமிங்கினிங் பகுதியைச் சேர்ந்த 43 ஓவியர்கள் 1987, 88இல் செய்தார்கள். வெள்ளையர் குடியேறி 200 ஆண்டு ஆனதை நாடு 1988இல் கொண்டாடியபோது, ஆண்டுக்கு ஒன்றாக, சொந்த நிலத்தைக் காக்கப் போய் உயிர்விட்ட பூர்வகுடிகளுக்காக வைத்த நினைவுச்சின்னம். நடுவே ஒரு பாதை போகிறது, அது அவர்கள் ஊரின் கிளைட் நதி. நதியின் எந்தப் பகுதி எந்தக் குலத்தின் நிலமோ, அந்த இடத்தில்தான் அந்தக் குலத்தின் மரங்கள் நிற்கின்றன. எதை யார் வரையலாம் என்பதும் அதே கணக்குதான். கதை வேண்டாம், கோலம் மட்டும் போதும் என்று இங்கே ஒரு குழலைக்கூடப் பிரித்து எடுக்க முடியாது.

அந்த 43 பேரில் டேவிட் மலாங்கியும் ஒருவர். 1966இல் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியபோது, ஒரு டாலர் நோட்டில் அவருடைய மரப்பட்டை ஓவியத்தை அச்சடித்துவிட்டார்கள். குர்மிரிங்கு என்ற ஆதி வேட்டைக்காரரின் இறுதிச் சடங்கைச் சொல்லும் படம். வரைந்தவரை யாரும் கேட்கவில்லை, யாரோ பெயர் தெரியாத பழங்காலத்து ஆள் வரைந்தது என்ற நினைப்பு. அவர் உயிரோடு இருப்பது தெரிந்தபிறகு ரிசர்வ் வங்கி ஆயிரம் டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிச் சாமான்களும் கொடுத்தது. இதைச் சொன்னதும் அக்கா அந்த நோட்டின் படத்தை ஃபோனில் தேடிப் பெரிதாக்கி, மலாங்கியின் மரங்களுக்கு முன்னால் வைத்துக்கொண்டு கோடு கோடாக ஒப்பிட்டுப் பார்த்தார். காவலர் ஒருவர் வந்து என்ன என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியாக 'ஃப்ளையிங் ஓவர் தி ஷோல்ஹேவன் ரிவர்', 1942. எதிர்பார்த்ததைவிடச் சின்னது, பக்கத்துக்கு அரை மீட்டர் இருக்கும் சதுரம். நதி வெளிறிப்போய் வளைந்து கிடக்கிறது. நிலம் காவியும் பழுப்பும். மரங்கள் எல்லாம் புள்ளிகளும் சின்னத் தீற்றல்களும்தான். மேலே வெள்ளை மேகத் துண்டுகள், அவையும் நிலத்தைப் போலவே தட்டையாக. கேடயக் கோலம் எதையும் இதில் பெயர்த்து ஒட்டவில்லை. 'அபாரிஜினல் டிசைன்' என்று பெயரிலேயே போட்டுக்கொண்ட அவருடைய மீன் அச்சும் மற்ற சிலவும் எனக்குப் பிடிப்பதில்லை. அவை வேறொருவர் கையெழுத்தைப் பழகியவரின் வேலை. இந்த நதியில் அவர் கற்றுக்கொண்டது பார்க்கும் முறையை. தலைப்பில் பூர்வகுடி என்ற பேச்சே இல்லாத இந்தப் படத்தில்தான் பூர்வகுடிக் கலைக்கு அவர் பட்ட கடன் அதிகம் தெரிகிறது. கடன் கடன்தான், அதையும் சேர்த்தே இந்தப் படத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவருடைய மிகச் சிறந்த படம் இதுதான் என்பேன், பூக்களை விரும்புபவர்கள் சண்டைக்கு வரட்டும்.

1941இல் வரைந்த 'அபாரிஜினல் லாண்ட்ஸ்கேப்' ஒன்று பாக்கி. அது அடிலெய்டில் இருக்கிறது. இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"விமானத்துல போ," என்றார் அக்கா. "சன்னல் சீட்டா பாத்துக் கேளு."